ஐயா வண்டி

நின்றுவிட்டான். மறுபடியும். நான் ஒன்றும் செய்யவில்லை. வாரை இழுக்கவில்லை, குதிகால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மூச்சைக்கூட ஒழுங்காகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் கடற்கரை உட்சாலையின் நட்டநடுவில், ஒரு பக்கம் மணல், மறுபக்கம் காலை நடைக்கு வந்தவர்கள் நிறுத்திவைத்த வண்டிகள், இரண்டுக்கும் இடையில் நான்கு காலையும் ஊன்றிக் கர்னல் நிற்கிறான். முரண்டு பிடிக்கிறவன் மாதிரி இல்லை, ஏதோ வேலையாக நிற்கிறவன் மாதிரி. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். முதல் நாள் லாயத்தில் என்னிடம் இவனை ஒப்படைத்தபோதே தணிகாசலம் அண்ணன் சிரித்தார். “கர்னல் போய் கான்ஸ்டபிள் பேச்சக் கேப்பானா இசக்கி? நீ வேணா அவன் பேச்சக் கேட்டுக்க.” அந்தத் தணிகாசலம் அண்ணன் இப்போது தன்னுடைய குதிரை ராணியில் எனக்கு முன்னால் வெகுதூரம் போய், திரும்பிப் பார்த்து, ராணியைத் திருப்பாமல் தன் உடம்பை மட்டும் சேணத்தில் திருகிக்கொண்டு, கையால் ‘என்ன?’ என்கிறார். என்ன என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன். நேற்று மாலை ரோல்காலில் இன்ஸ்பெக்டர் ஐயா எல்லார் முன்னாலும் சொன்னது இதுதான்: “நாளைக்குக் காலைல பீச் ரோடு இந்த முனையிலேர்ந்து அந்த முன வரைக்கும் நடத்திக் காட்டு. நான் லைட்ஹவுஸ் பக்கம் இருப்பேன். நடந்து வந்தான்னா வச்சுக்கலாம். நின்னு நின்னு வந்தான்னா ஏலம். பந்தோபஸ்துக்கு நிக்கிற குதிர நமக்கு எதுக்கு? செலயா வைக்கிறதுக்கா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலதிகாரி சொன்னால் சிரிப்பு தானாக வருகிறது.

அடித்து நகர்த்தக் கூடாது, இறங்கி நடத்திக்கொண்டு போகவும் கூடாது. இரண்டுமே தணிகாசலம் அண்ணன் சொன்னது. அடித்தால் பயந்து ஓடுவான், அது நடப்பது ஆகாது. இறங்கினால், நின்றால் முதுகு காலியாகும் என்று கற்றுக்கொள்வான். ஆகவே ஒன்றும் செய்யாமல் இவன் மேல் உட்கார்ந்திருப்பதுதான் இப்போதைக்கு என் வேலை, உட்கார்ந்துகொண்டு இவன் என்ன நினைக்கிறான் என்று யோசிப்பது. மூன்று வருடம் விலங்கியல் படித்தேன். கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகளைக் கிழியாமல் எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டத் தெரியும். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உயிரோடு, சூடாக, என் இரண்டு தொடைகளுக்கு நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு, என்னைவிடப் பத்து மடங்கு கனமாக இருக்கிற ஒரு பிராணி எதற்காக ஓரிடத்தில் நிற்கிறது என்று அந்தப் படிப்பில் யாரும் சொல்லவில்லை. குதிரைக்கு மூக்குக்கு நேர் கீழே கண் தெரியாது என்று ஒரு வரி எங்கோ படித்தேன். அப்படியானால் சாலையில் கிடக்கும் எதையோ பார்த்துப் பயப்படுகிறானா? குனிந்து பார்க்கிறேன். ஒன்றுமில்லை. தார், கொஞ்சம் மணல், யாரோ தின்று போட்ட மாங்காய்க் கொட்டை. பயந்த குதிரைக்குக் கழுத்து மேலே தூக்கிக்கொள்ளும், விலா நடுங்கும். இவன் கழுத்து தளர்வாக இருக்கிறது. வால் சாதாரணமாக ஈயை விரட்டுகிறது. இவன் பயப்படவில்லை. பயப்படுவது நான்தான், எங்கள் இருவரில்.

“இன்னா மேடம், பெட்ரோல் காலியா?” பின்னால் வந்த ஆட்டோ என் பக்கத்தில் மெதுவாகிறது. ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டி, கர்னலை மேலிருந்து கீழாக ஒரு மெக்கானிக் மாதிரி பார்க்கிறார். “சோக்கு போட்டு இஸ்துப் பாருங்க.” ஓரமாகக் கூடையை இறக்கி வைத்து மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி அவரை அதட்டுகிறாள். “த்தா போடா, வந்துட்டான் கிண்டல் பண்ண. வாயில்லா ஜீவன், புள்ளத்தாச்சியா என்னமோ.” “ஆம்பளக் குதிரக்கா அது.” “இருந்துட்டுப் போவுது. உனுக்கு இன்னா, அது நிக்கக் கூடாதா? நீ ஸ்டாண்டுல நாள் பூரா நிக்கல?” ஆட்டோக்காரர் சிரித்தபடி போய்விடுகிறார். எனக்கும் சிரிப்பு வருகிறது, ஆனால் சீருடையில் சிரிக்கலாமா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது, அதனால் பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிடுகிறது. நிற்பதைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. கல்லூரியில் முதல் வாரம், ஆங்கில வகுப்பு, எழுந்து நின்று உன்னைப் பற்றி நாலு வரி சொல் என்றார் அந்த மேடம். எழுந்து நின்றேன். வரி வரவில்லை. சொல்கிற வரைக்கும் உட்காரக் கூடாது என்றார். நான் அந்த வகுப்பு முடிகிற வரை நின்றேன். கடைசியில் அவர், “இவ்வளவு திமிர் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். திமிர். அதை நினைத்து நினைத்துப் பல நாள் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் என் உள்ளே என்ன இருந்தது? திமிர் இல்லை. ஒரு மின்விசிறி இருந்தது, ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் வளைந்தது, சுற்றும்போது டக் டக் என்றது. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய வரி அந்த டக் டக்குக்கு நடுவில் வந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது திமிராகத் தெரிந்திருக்கிறது. இவனையும் லாயத்தில் எல்லாரும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். எனக்கு முன்னால் இவனிடம் வந்த இரண்டு பேரில் ஒருவரைக் கடித்தான், ஒருவரை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தான், அப்போதும் திமிர் என்றுதான் சொன்னார்கள். என்னிடம் வந்த பிறகு கடிப்பதில்லை, எறிவதில்லை, மைதானத்தில் நூல் பிடித்தாற்போல நடக்கிறான், ஓடுகிறான், திரும்புகிறான். சாலைக்கு வந்தால் மட்டும் நிற்கிறான். “கிரவுண்டுல தங்கம், ரோட்டுல தகரம்” என்றார் இன்ஸ்பெக்டர் ஐயா. திமிர் இடத்துக்கு இடம் மாறுமா? கடிக்கிறவனுக்குக் கடிப்பதுதானே திமிர்? எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறானா இவனும்? எதற்கு?

வியர்வை தொப்பிக்குள்ளிருந்து இறங்கிப் புருவத்தில் நின்று, இப்போது கண்ணுக்குள் போகிறது. சூரியன் கடலிலிருந்து முழுதாக எழுந்துவிட்டது. எரிச்சல் தாங்கவில்லை. வாரை இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி, நெற்றியைத் துடைத்து, கையை இறக்குகிறேன். கர்னல் நடக்கிறான். நான் கேட்கவில்லை, காலால் அழுத்தவில்லை, நாக்கால் சத்தம் கொடுக்கவில்லை, ஆனால் நடக்கிறான், நல்ல நீளமான நடை, தலை அதற்கேற்ப ஆடுகிறது, என் இடுப்பு அதற்குப் பின்னால் போகிறது. மீன்காரக்கா கையை ஆட்டுகிறாள். “போடா என் ராசா, போ.” சரி, ஓய்வு எடுத்தான் போல, முடிந்தது போல, இனிமேல் அந்த முனை வரைக்கும் இப்படியே போய்விடுவானா, போய்விட்டால் இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் இந்த ஒரு நிறுத்தத்தைத் தணிகாசலம் அண்ணன் சொல்ல மாட்டார், சொல்லாவிட்டாலும் அது நடந்ததுதானே, கேட்டால் நான் இல்லை என்று சொல்வேனா என்றெல்லாம் யோசிப்பதற்குள், குல்பி வண்டியைத் தாண்டியதும், மறுபடியும். நின்றுவிட்டான். அதே நிற்பு. கழுத்து தளர்வு, வால் சாதாரணம். இந்த முறை ஒன்றை மட்டும் கவனிக்கிறேன், முன்பு கவனிக்காதது: ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறான். தலையைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் பின்னால் உருட்டி, வெள்ளைப் பகுதி தெரிய, என் வலது முழங்கை இருக்கும் உயரத்தில் எதையோ தேடுகிறான். என் முழங்கையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கை இருக்கிறது. இப்போதுதான் துடைத்த கை. வேண்டாம், அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கி, வியர்க்காத நெற்றியைத் துடைத்து, இறக்குகிறேன். நடக்கிறான்.

எனக்கு மயிர் சிலிர்க்கிறது. பயத்தில் அல்ல. பரிசோதனைக் கூடத்தில் முதன்முதலாக நுண்நோக்கியைத் திருகித் திருகி, வெறும் மூட்டமாக இருந்ததற்குள்ளிருந்து ஒரு செல் சட்டென்று கோடு கோடாக எழுந்து நின்றபோது வந்த சிலிர்ப்பு. சரி, கை அவனை நடக்க வைக்கிறது. நிற்க வைப்பது எது? முதலில் நின்ற இடத்தில் என்ன இருந்தது? ஓரத்தில் வண்டிகள். இரண்டாவது இடத்தில்? திரும்பிப் பார்க்கிறேன். குல்பி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கார், கதவெல்லாம் திறந்து, ஒரு குடும்பம் உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறது. வெள்ளைக் கார். எதிரே ஒரு சிவப்பு மாநகரப் பேருந்து வருகிறது, அத்தனை பெரியது, அத்தனை சத்தம், கர்னல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கறுப்புக் கார், கண்டுகொள்ளவில்லை. மஞ்சள் ஆட்டோ, நீலப் பால் வேன், தண்ணீர் லாரி, கண்டுகொள்ளவில்லை. அப்புறம் வரிசையில் ஒரு வெள்ளை வாடகைக் கார், நீளமானது, பெரியது, மேலே கம்பி போட்டது. என் கண் அதில் பட்டுவிட்டது, இதோ வருகிறது, இதோ அதன் மூக்குக்கு நேராக வந்துவிட்டோம், நிற்காதே, நிற்காதே என்கிறேன், நின்றால் நான் நினைப்பது சரி, நிற்காவிட்டால் நான் தப்பித்தேன். நிற்கிறான். எவ்வளவு ஒழுங்காக நிற்கிறான். நான்கு கால்களும் சதுரமாக, தலை நேராக, அணிவகுப்பில் நிற்பதுபோல. நான் கையைத் தூக்குகிறேன். இறக்குகிறேன். நடக்கிறான். முன்னால் தணிகாசலம் அண்ணன் கத்துகிறார், “யாருக்குமா சல்யூட்டு அடிச்சினு வர? டாக்ஸி டிரைவருக்கா?” அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் பதில் அதுதான்.

லாயத்திலிருந்து மைதானத்துக்குப் போக ஒரே பாதை. அந்தப் பாதை அதிகாரிகள் குடியிருப்பின் முன்னால் போகிறது. காலையில் நாங்கள் போகிற நேரமும் அவர்கள் அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்று. வெள்ளை வண்டிகள். ஒன்றின் பின் ஒன்றாக, கேட்டிலிருந்து வெளியே வரும். குதிரை மேல் இருக்கிறவர் நடந்தபடியே வாரை ஒரு கைக்கு மாற்றிச் சல்யூட் அடிக்க வேண்டும், அதுதான் முறை, தணிகாசலம் அண்ணன் அப்படித்தான் அடிப்பார், முருங்கைக்காய் ஒடிப்பதுபோல அவ்வளவு எளிதாக. எனக்கு முதல் வாரம் ஒரு கையில் வாரைப் பிடித்தால் உலகமே ஒரு பக்கம் சரிந்தது. அதனால் நிறுத்தினேன். நிறுத்தி, நன்றாக உட்கார்ந்து, அடித்து, கையை இறக்கி, அப்புறம் நடத்தினேன். முதல் வாரம் போன பிறகும் நிறுத்தினேன், அது பழகிவிட்டது, பாதுகாப்பாக இருந்தது. அதோடு எந்த வண்டியில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி கறுப்பு. உள்ளே இருப்பது பெரிய ஐயாவா, ஐயாவின் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகிற டிரைவரா, காய்கறி வாங்கப் போகிற சமையல்காரரா, யாருக்குத் தெரியும்? அடிக்காமல் விட்ட வண்டியில் ஐயா இருந்துவிட்டால்? ஆகவே எல்லாவற்றுக்கும் அடித்தேன். வெள்ளையாக, பெரிதாக இருந்தால் அடித்தேன். ஒருநாள் சுகாதாரத் துறை வண்டிக்குக்கூட அடித்திருக்கிறேன், அதன் டிரைவர் பதறிப்போய்த் தானும் அடித்தார். ஒவ்வொரு காலையும் கர்னல் என் கீழே நின்று இதைப் பார்த்திருக்கிறான். பார்த்து, கணக்குப் போட்டு, ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறான்: வெள்ளையாக ஒன்று வந்தால் மேலே இருப்பவளுக்கு உடம்பு இறுகும், நிற்க வேண்டும், அவள் கை மேலே போய்க் கீழே வரும், அப்புறம் நடக்கலாம். பிறகு நான் வாரை இழுப்பதற்கு முன்னாலேயே தானாக நிற்க ஆரம்பித்தான். அப்போது நான் என்ன நினைத்தேன்? எவ்வளவு அறிவு என்று நினைத்தேன். அவன் கழுத்தில் தட்டிக்கொடுத்தேன். தட்டியும் கொடுத்தேன்.

எங்கள் ஊர் உப்பளத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். கையில் உப்புப் பலகை இருந்தால் அதைக் கீழே போட்டுவிட்டு இறக்குவார். முதலாளி வண்டி வெள்ளை, அதனால் வெள்ளை வண்டி எது வந்தாலும். வழி தப்பி வந்த கார், பறவை பார்க்க வந்தவர்கள் கார், ஒருமுறை கல்யாண வீட்டுக்கு வழி கேட்டு வந்தவர்கள் கார். வரப்பிலிருந்து ஒதுங்கி, வேட்டியை இறக்கி, உப்பு வெளுப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார், புழுதி அடங்குகிற வரைக்கும். “யாருப்பா அது?” என்று கேட்டேன் ஒருநாள். “தெரியலளா.” “பொறவு எதுக்கு எறக்கிவிட்ட?” “யாரா இருந்தா என்ன? எறக்கிவிட்டா நமக்கு என்ன கொறஞ்சா போவுது?” அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. ஒன்றும் குறையவில்லை. கை ஒன்று மேலே போகிறது, கீழே வருகிறது, யாருக்கும் நஷ்டம் இல்லை. நான் பட்டம் வாங்கினேன், தேர்வு எழுதினேன், ஓடினேன், தாண்டினேன், கயிறு ஏறினேன், இத்தனை உயரத்தில் சேணத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன், உட்கார்ந்து வேட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். சரி, அது என் வீட்டு விஷயம், என் முதுகெலும்பு விஷயம், நான் அதோடு காலம் தள்ளிக்கொள்வேன். ஆனால் இவன்? கடித்துக்கொண்டும் எறிந்துகொண்டும் தன் பாட்டுக்கு இருந்தவன். இவனை நான் பழக்கினேன் என்று லாயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் அதில் பெருமை உண்டு, இரவில் படுத்தால் அதை ஒருமுறை நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன். எதைப் பழக்கியிருக்கிறேன்? என்னிடம் இருந்ததைத்தானே கொடுக்க முடியும்.

இன்றைக்குத் தப்பிக்க வழி இருக்கிறது, அதுதான் வேடிக்கை, இப்போது மிகச் சுலபமான வழி இருக்கிறது. வெள்ளை வண்டி வருவதற்கு முன்பே கையைத் தூக்கித் தொப்பியைச் சரிசெய்வதுபோல் செய்தால் போதும். நிற்பது கண்ணுக்கே தெரியாது. அந்த முனை வரைக்கும் தொப்பியைச் சரிசெய்துகொண்டே போகலாம், கர்னல் ஏலத்துக்குப் போக மாட்டான், எனக்கும் குதிரைக்கு வருவதற்கு முன்பிருந்த, ஆயுதப்படை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும் வாழ்க்கை திரும்ப வராது. அப்புறம்? அப்புறம் ஒரு திருவிழாக் கூட்டம். தேர் வரும் தெரு. முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம், நடுவில் நான், ஓரத்தில் ஒரு வெள்ளை வண்டி. எனக்கு இரண்டு கையும் வாரில் வேண்டும். கூட்டம் பின்னாலிருந்து தள்ளும். இவன் சதுரமாக நிற்பான், அவ்வளவு ஒழுங்காக, என் கைக்காகக் காத்துக்கொண்டு, ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறவர் இவன் பின்னங்காலில் வந்து மோதுகிற வரைக்கும். அதை யோசித்தால் தொப்பி வழி மூடிக்கொள்கிறது. ஏலம் என்றால் யார் வாங்குவார்கள்? கல்யாண ஊர்வலக்காரர்கள். அங்கே எல்லாமே வெள்ளை வண்டி. ஆக இதைக் கற்றுக்கொடுத்தவள் இதை மறக்கவைக்க வேண்டும், இங்கேயே, மிச்சம் இருக்கும் சாலைக்குள், அது முடியுமா, குதிரை எதையாவது மறக்குமா, மறப்பது என்றால் என்ன, அழிவதா இல்லை மேலே வேறொன்று எழுதப்படுவதா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இந்த நேரத்திலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

அடுத்தது ஒரு சின்ன வெள்ளைக் கார், கண்ணாடியில் ‘எல்’ ஒட்டியது. உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிற்கிறான். இரண்டு கையையும் வாரில் வைக்கிறேன், நன்றாகத் தெரியும்படி, அவன் கழுத்துக்கு இரு பக்கமும். கண்ணை உருட்டித் தேடுகிறான். இல்லை ராசா, வராது. கெண்டைக்காலால் மெதுவாக அழுத்துகிறேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். காது ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாகப் போகிறது. அவனுக்குப் புரியவில்லை, நான்தான் தவறு செய்கிறேன் என்று நினைக்கிறான், பாடத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள் என்று. வலது முன்னங்காலால் தாரைச் சுரண்டுகிறான். ஒரு அடி பின்னால் போகிறான். காருக்குள்ளிருந்து பதற்றமாக ஒரு குரல், “மேடம், வண்டி புதுசு மேடம்!” “நகந்துரும் சார், ஒரு நிமிஷம்.” என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது, அவ்வளவு அமைதி. என் தோள் மட்டும் மேலே போகத் துடிக்கிறது, வலது தோள், அதற்கும் இவனைப் போலவே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மறுக்கிறேன். அழுத்துகிறேன், காத்திருக்கிறேன். கோபப்படக் கூடாது, அவன் கோபப்படும்படி எதுவும் செய்யவில்லை. அவன் எடை லேசாக, ஒரு மூட்டையை இடம் மாற்றி வைப்பதுபோல, முன்னால் சாய்கிறது. உடனே காலை விட்டுவிடுகிறேன். அது போதும், இப்போதைக்கு அதுதான் சம்பளம். மறுபடி அழுத்தம். சாய்வு. விடுவிப்பு. மறுபடி. ஒரு குளம்பு எழும்பி, கொஞ்ச நேரம் காற்றில் யோசித்து, முன்னால் இறங்குகிறது. அப்புறம் அடுத்தது. கார் பின்னால் போய்விட்டது. “அப்படித்தான், அப்படித்தான், என் ராசால்ல” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், எங்கள் ஊர்ப் பேச்சில், கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கக் கூடாது, கை வாரிலேயே இருக்கட்டும், வழியட்டும். அடுத்த வெள்ளை வண்டியில் நின்றான், ஆனால் குறைவாக. அதற்கடுத்ததில் நிற்கலாமா என்று நடையிலேயே கேட்டான். வேண்டாம் என்று காலாலேயே சொன்னேன். நடந்தான்.

அப்போது அந்த முனையிலிருந்து ஒரு வண்டி வருகிறது. நின்று நின்று பார்த்து அலுத்து இன்ஸ்பெக்டர் ஐயாவே கிளம்பிவிட்டிருப்பார். வெள்ளை, பெரிது, மேலே விளக்கு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உள்ளே யார் என்று தெரியாமல் அடித்த அத்தனை சல்யூட்டுகளுக்குப் பிறகு, உள்ளே யார் என்று நிச்சயமாகத் தெரிகிற ஒரு வண்டி. தணிகாசலம் அண்ணன் நடந்தபடியே வாரை இடது கைக்கு மாற்றுகிறார், அடிக்கிறார், இறக்குகிறார், ராணியின் நடையில் ஒரு மடிப்புகூட விழவில்லை. வண்டி அவரைக் கடந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, சத்தம் வராமல் வாயை மட்டும் பெரிதாகத் திறந்து சொல்கிறார்: “ஐயா! ஐயா வண்டி!” தெரியும் அண்ணே. அவரைப் போல நடந்தபடியே அடிக்கலாமே? அவருக்கு அது சல்யூட். கர்னலுக்கு என் கை ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருக்கிறது இதுவரைக்கும்: நில், அப்புறம் நட. இப்போதுதான் அந்த வாக்கியம் பொய் என்று சொல்லி, அவன் அதைப் பாதி நம்பி, கால் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். இந்த ஒரு வண்டிக்குக் கை போனால் போதும், சில வண்டிக்குக் கை வரும், சில வண்டிக்கு வராது, ஆகவே எல்லாவற்றுக்கும் நின்று பார்ப்போம் என்று முடிவு செய்வான். நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்வேன். அப்படித்தான் செய்திருக்கிறேன். வண்டி நெருங்குகிறது. அதன் மூக்கு தெரிகிறது, கண்ணாடிக்குப் பின்னால் அவர் மீசை தெரிகிறது, அவர் என்னைப் பார்ப்பது தெரிகிறது. சல்யூட் அடிக்காததற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையே வந்ததில்லை. வலது கை மரத்துப்போகிறது. கர்னலின் தோள் என் முழங்காலுக்குக் கீழே மெதுவாகிறது, கேட்கிறான், இது உண்மையான வண்டி, இதற்கு எப்படி என்று. இதற்கும் இல்லை. கெண்டைக்காலால் அழுத்துகிறேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டிருக்கிறேன், இரண்டு கையும் வாரில், விரல் நுனிவரை வாரில். மூக்கு போகிறது. முன்கதவு போகிறது. இறங்கியிருந்த கண்ணாடி போகிறது, அதற்குள் திறந்திருந்த வாய் போகிறது. பின்சக்கரம் போகிறது. பின்னால் பிரேக் அடிக்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். “ஏம்மா! இசக்கியம்மா! கண்ணு தெரியலயா உனக்கு?” தெரிகிறது ஐயா. பதிலும் இருக்கிறது, முழுப் பதிலும் இருக்கிறது, ஒரு வரி விடாமல் சொல்வேன், நின்றபடி சொல்வேன். முதலில் இந்தச் சாலை முடியட்டும். நடக்கிறான்.